காப்பியைப் பரிமாறிவிட்டு

இரத்தோட்டையில் பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் ஆறு கட்டை தூரம் மலையேறினால் கல்லுமலைத் தோட்டம். மேலே தேயிலை, பள்ளத்தில் ஏலமும் கொக்கோவும். அங்கே பெரிய துரையின் பங்களாவில் நாகமுத்து மேசைவேலை பார்த்தான். சாப்பாடு பரிமாறுவது, காப்பி கொடுப்பது, கதவு திறந்துவிடுவது, வந்த விருந்தாளியின் தொப்பியை வாங்கி மாட்டுவது, இவ்வளவுதான் வேலை. வெயில் இல்லை, மழை இல்லை, அட்டைக்கடி இல்லை. கூலிச்சனம் குடியிருக்கும் லயத்தில் இருந்தவர்களுக்கு அவன்மேல் பொறாமை இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அவன் பிறந்ததும் அதே தோட்டத்து லயத்தில்தான். தகப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவன், தாய் கொழுந்து எடுத்தவள். சின்ன வயதில் புல்லு வெட்டப் போனவனை, முகம் லட்சணமாக இருக்கிறது, பல் வரிசையாக இருக்கிறது என்று பழைய துரை பங்களாவுக்கு எடுத்துக்கொண்டார். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் பார்த்து எடுத்தார்கள் என்று செல்லச்சாமி பிற்பாடு சொல்வான். செல்லச்சாமி அதே பங்களாவின் குசினியில் சமையல்காரன். நாகமுத்துவின் மனைவி ராசம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். தங்கையை நாகமுத்துவுக்குக் கட்டிவைத்ததே அவன்தான். அதை நினைத்து நினைத்துப் பிற்காலத்தில் அவன் தன் தலையில் தானே அடித்துக்கொள்வான்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் புதுத்துரை வந்தார். கூடவே துரைசானியும் வந்தாள். நீங்கள் இந்த நாட்டு ஆட்களே இல்லை என்று லயத்துச் சனத்துக்குச் சட்டம் போட்டுச் சொன்ன காலம் அது. கோயிலடியில் கூட்டம் போட்டு ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள். நாகமுத்து அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. அவனுக்கு வேறு யோகம் அடித்திருந்தது. துரைசானி அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தாள்.

கல்யாணத்துக்கு முன் தன் ஊரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள் துரைசானி. இங்கே மலையுச்சியில் ஒரு பங்களா, பேச ஆளில்லை, பிள்ளையும் இல்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவனை எதிரே நிறுத்திவிடுவாள். பங்களாவுக்குள் தமிழ் கூடாது என்பது அவளுடைய முதல் சட்டம். இரண்டாவது சட்டம்தான் விசித்திரமானது. என்ன செய்கிறான் என்று மட்டும் சொன்னால் போதாது. எப்படிச் செய்கிறான் என்பதையும் அதே வாக்கியத்தில் முன்னால் சேர்த்துச் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே அப்படிச் செய்தும் காட்ட வேண்டும். "ஸ்மைலிங், ஹீ ஓப்பன்ஸ் த டோர்" என்றால் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்க வேண்டும். "பெண்டிங், ஹீ போர்ஸ் த டீ" என்றால் குனிந்துகொண்டு தேத்தண்ணி ஊற்ற வேண்டும். "ஹாவிங் போர்ட் த டீ, ஹீ ஸ்டெப்ஸ் பேக்" என்றால் ஊற்றிவிட்டு, அதன் பிறகுதான், பின்னால் நகர வேண்டும். வேலை செய்ய மலையில் எத்தனையோ பேர் கிடைப்பார்கள், பங்களாவுக்கு வேண்டியது செய்கிற விதம் என்பது அவள் கட்சி.

நாகமுத்துவுக்கு இது சர்க்கரையாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து மேசைக்காரர்கள் "யெஸ் மாஸ்டர், நோ மாஸ்டர்" என்பதைத் தாண்ட முடியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, அவன் சூட்சுமத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"அது ஒண்ணுமில்ல மச்சான். 'இங்'குன்னா நம்ம 'கிட்டு'. சிரிச்சுக்கிட்டு, குனிஞ்சுக்கிட்டு. 'ஹாவிங்'குன்னா ஊத்திட்டு, குடுத்திட்டு. வெள்ளக்காரன் அதத் தனியாப் பிரிச்சு மொதல்ல வைக்கிறான், அம்புட்டுத்தான்" என்று குசினியில் வந்து விளக்கினான்.

செல்லச்சாமி வெங்காயம் அரிவதை நிறுத்தாமல், கிட்டோ ட்டோ, சூப்பு ஆறுவதற்குள் கொண்டுபோ என்றான்.

கொண்டுபோவதில்தான் சங்கடம். முகத்தில் சிரிப்பு ஒரு நூல் குறைந்திருந்தாலும் துரைசானி மணியை அடித்து அவனை வாசல்வரை திருப்பி அனுப்புவாள். மறுபடி கதவைத் திறந்து, மறுபடி சிரித்துக்கொண்டு வர வேண்டும். கையில் சூப்புக் கிண்ணம் கொதித்துக்கொண்டிருக்கும். துரை பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், அவனைப் பரிமாறவாவது விடேன், எனக்குப் பசிக்கிறது என்பார். ஒருநாள் கிண்ணத்தின் அடியில் துணி வைக்க மறந்து வந்துவிட்டான். வாசலுக்கும் மேசைக்குமாக அவனை நடக்கவிட்டதில் விரல் நுனித் தோல் வழன்று கிண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டது. அப்போதும் அவன் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்துத் துரைசானி எழுந்து நின்று, இதுதான், இதுதான் வேண்டும் என்றாள். வலியில் செத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பாராட்டில் தலைகால் புரியவில்லை. தட்டைக் கையில் தூக்கினால் சிரிப்பு தானாக முகத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும் என்ற நிலைமை அன்றைக்குப் பிறகுதான் வந்தது.

பங்களாவில் வாங்கியதை அவன் லயத்திலே கொடுத்தான். ஒருநாள் கொழுந்து நிறுத்துவிட்டு, நனைந்த கம்பளியோடு வந்த ராசம்மா கஞ்சியைக் கொண்டுவந்து அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள். சிரித்துக்கொண்டு வை என்றான். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், ஒனக்கென்ன பைத்தியமா என்றாள். எழுந்து கன்னத்தில் அறைந்தான். வெள்ளைக் கோட்டு, மாத்தளைத் தெருவில் புஹாரி நானா அளவெடுத்துத் தைத்த பித்தளைப் பொத்தான் கோட்டு, அதைக் கழற்றாமலே அறைந்தான். ராசம்மா அழவில்லை. அதற்குப் பிறகு அவன் முன்னால் எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, அஞ்சலை. நாலு வயசு. மூக்கொழுகிக்கொண்டு, தகப்பன் பங்களாவிலிருந்து இறங்கி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, ஒற்றைக் கவுனோடு ஓடிவரும். அதைப் பார்த்துச் சிரிக்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைமேல் அவன் உயிரையே வைத்திருந்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்குச் செய்கிற அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும் துரைசானிமாரும் பகல் சாப்பாட்டுக்கு வருவார்கள். சோறும் கறியும் பல வகையாக நடந்து, புடிங்கும் முடிந்து, காப்பி பரிமாறிய பிறகு நாகமுத்துவின் வித்தை. விருந்தாளி யாராவது ஒரு துண்டு வாக்கியம் சொல்வார்கள். "அவன் பள்ளத்தில் விழுந்தான்." நாகமுத்து மேசை மூலையில் நின்று ஒரு நொடி யோசித்து, முன்பக்கத்தைச் சேர்ப்பான். "ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் பள்ளத்தில் விழுந்தான்." எல்லாம் இங்கிலீஷில். கைதட்டல் பறக்கும். ஒரு துரை மேசையில் குத்திச் சிரிப்பார். துரைசானி, தான் பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் சுற்றிலும் பார்ப்பாள். குரங்காட்டி கம்பைத் தட்டினால் குரங்கு குட்டிக்கரணம் போடுகிற சங்கதிதான். ஆனால் நாகமுத்துவுக்கு அது அப்படித் தெரியவில்லை. தன் அறிவைத்தான் மெச்சுகிறார்கள் என்று நம்பினான். கெட்டிக்காரர்கள் ஏமாறுகிற இடமே அதுதான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு சனிக்கிழமை அஞ்சலைக்குத் தொண்டை நோவு என்றார்கள். ராசம்மா உப்புத்தண்ணி கொடுத்தாள், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். ஞாயிறு விடிந்தபோது பிள்ளை மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே விசில் அடிப்பதுபோல் சத்தம் வந்தது. தோட்டத்து மருந்து ஐயா கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். தொண்டை அடைப்பான். இங்கே இதற்கு மருந்தில்லை, மத்தியானத்துக்குள் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்கும், பிந்தினால் மூச்சு அடைத்துவிடும் என்றார்.

தோட்டத்துக்கு ஒரு லொறி இருந்தது. டிரைவரும் லயத்தில்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமையில் லொறிச் சாவி துரையின் மேசை இழுப்பறையில் இருக்கும். துரை வாய் திறந்து சொன்னால்தான் வண்டி நகரும். விருந்து நாளில் பங்களாப் படி ஏற மருந்து ஐயாவுக்குத் துணிச்சல் இல்லை. உன் புருஷன் உள்ளேயே நிற்கிற ஆள், இங்கிலீஷும் தெரியும், அவன் கேட்டால் துரை தட்டமாட்டார் என்று சொல்லி ராசம்மாவை அனுப்பிவிட்டார். அவள் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு குசினிக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தாள்.

நாகமுத்து ஓடிவந்து பார்த்தான். பிள்ளையின் கழுத்து வீங்கியிருந்தது. உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"போய்க் கேளுங்க" என்றாள் ராசம்மா.

"காப்பி குடுத்திட்டுக் கேக்குறேன். நடுவுல வாயத் தொறந்தா தொரசானி கோவிச்சுக்குவாங்க. கோவத்துல இல்லன்னுட்டாங்கன்னா?"

செல்லச்சாமி அடுப்படியிலிருந்து வந்தான். "தமிழ்லயே சொல்லு மாப்ள. தொரைக்குத் தமிழ் தெரியும். மலையில நம்மள தமிழ்லதானே ஏசுறாரு."

மலையில் ஏசுகிற தமிழில் ஏச்சுதான் வாங்கலாம், உதவி வாங்க முடியாது என்பது நாகமுத்துவின் கணக்கு. கேட்கிற விதத்தில் கேட்டால் லொறி என்ன, துரையின் காரே வரும் என்று அவன் மனசார நம்பினான். மேசை விதி தவறாமல், இங்கிலீஷ் பிசகாமல், முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். இத்தனை வருஷம் கற்றது எதற்கு? கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சூப்புக் கிண்ணத்தை எடுத்தான்.

சூப்பு போனது. வெறும் கிண்ணம் வந்தது. சோறு போனது, கோழி போனது, பருப்பும் அப்பளமும் சட்னியும் போயின. ஒவ்வொரு தடவை குசினிக்கு வரும்போதும் பின்கதவு வழியாக அந்த விசில் சத்தம் அவனுக்குக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ராசம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனான். தட்டு கைக்கு வந்ததும் சிரிப்பும் வந்தது. ஒரு துரைசானி இரண்டாம் தடவை சோறு கேட்டாள். மெதுவாக, அவள் போதும் என்கிறவரை, குனிந்துகொண்டு போட்டான். உள்ளுக்குள் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் முன்னே வைத்தான், ஒரு சொல் பின்னே வைத்தான். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது இவன் சொல்லுக்குத் திணறிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்த செல்லச்சாமிக்கு அவனை அகப்பையாலேயே அடிக்க வேண்டும்போல் இருந்ததாம்.

கடைசியில் காப்பி. எல்லாருக்கும் ஊற்றி, சீனி காட்டி, பின்னால் நகர்ந்து, தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவன் வாயைத் திறந்தான்.

"ஹாவிங் சர்வ்ட் த காப்பி, பெக்கிங் யுவர் பார்டன், மை டாட்டர் டையிங், ஐ ஆஸ்க் த லொறி."

காப்பியைப் பரிமாறிவிட்டு, மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு, என் மகள் செத்துக்கொண்டிருக்க, நான் லொறியைக் கேட்கிறேன். இதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். வாசலுக்கு ஒருநாளும் திருப்பி அனுப்ப முடியாத சிரிப்பு.

மேசையில் எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு முன்பக்கம் சேர்க்கவே திணறுகிற உலகத்தில் மூன்றை ஒரே மூச்சில் கோத்துவிட்டானே. பக்கத்துத் தோட்டத்துத் துரை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே தட்டினார். யாரும் கேட்காமல் தானாகவே ஒன்றைச் சமைத்துக் கொண்டுவந்திருக்கிறான், அதுவும் என்ன கற்பனை என்று ஆச்சரியப்பட்டார்கள். துரைசானிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொன்று, இன்னொன்று என்றாள் சோறு இரண்டாம் தடவை கேட்டவள். "குதிரை ஓடியது" என்று எடுத்தும் கொடுத்தாள்.

நாகமுத்து நின்றான். இது வித்தை இல்லை, நிஜம் என்று சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. தட்டைக் கீழே போட்டிருக்கலாம். அய்யோ என்று ஒரு சொல் தமிழில் கத்தியிருந்தால் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவன் செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நிற்பது அவனுக்குத் தெரியாது. இதையும் சொல்லிவிட்டால் பிறகு கேட்கலாம் என்று நினைத்திருக்கலாம். நினைக்கவே இல்லாமலும் இருந்திருக்கலாம். "பாம்பைப் பார்த்துவிட்டு, குதிரை ஓடியது" என்றான். மறுபடியும் தட்டினார்கள். துரைசானி, இன்று நீ என் பெயரைக் காப்பாற்றினாய், போய்ச் சாப்பிடு என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டு, விருந்தாளிகளை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அவன் குசினிக்கு வந்து தட்டை மேசைமேல் வைத்தான்.

"என்னா சொன்னாங்க?" என்றான் செல்லச்சாமி.

"நல்லாருக்குன்னாங்க."

செல்லச்சாமி அவன் முகத்தைப் பார்த்தான். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் அகப்பையைத் தரையில் எறிந்துவிட்டு, இடுப்பில் மஞ்சள் பட்ட சாரத்தோடு, வெறும் காலோடு, சமையல்காரன் ஒருநாளும் மிதிக்கக்கூடாத சாப்பாட்டறையைக் குறுக்கே கடந்து நேரே வராந்தாவுக்குப் போனான்.

"தொரை, புள்ள சாகுது. லொறி வேணும்."

துரை சுருட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். யாருடைய பிள்ளை என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து செல்லச்சாமியின் கையில் கொடுத்து, ஓடு, ஓடு என்று தமிழில் கத்தினார். இதை ஏன் முன்னாலேயே எனக்குச் சொல்லவில்லை என்றும் கத்தினார். அவ்வளவு லேசான காரியம் அது. சூப்புக்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

லொறியின் முன்னால் ராசம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாகமுத்து பின்னால் வெறும் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே நின்றான். வளைவுகளில் வண்டி அவனை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எறிந்தது. அவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் வாயோரத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். முகம் எப்படி இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. இரத்தோட்டைக் கடைத்தெரு கண்ணில் படுவதற்கு முன்பே டிரைவர் வண்டியை ஓரங்கட்டினான். விசில் சத்தம் நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது. ராசம்மா எழுப்பிய ஓலத்தில் பாதையோரம் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து ஓடிவந்தார்கள்.

மறுநாள் காலையில் துரைசானி லயத்துக்கு இறங்கி வந்தாள். அதுவரை அவள் காலடி அங்கே பட்டதில்லை. தோட்டத்து ரோசாப்பூக்களைக் கொண்டுவந்து பிள்ளையின் காலடியில் வைத்தாள். அவளும் இரவெல்லாம் அழுதிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. வாசலில் நின்ற நாகமுத்துவின் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராசம்மா தலையைத் தூக்கினாள். "என்னா சொல்லிட்டுப் போறாங்க?"

யாருக்குத் தெரியும்? லயத்தில் அந்தப் பாஷை தெரிந்தவன் ஒருவன்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம், வருத்தப்பட்டாங்க என்று முடித்திருக்கலாம். கேட்டதற்குச் சரியான பதில் சொல்லியே பழகிப்போனவன் சொன்னான்:

"நா சிரிச்சுக்கிட்டு இருந்தேனாம்."

குசினிக் கதவிடுக்கில் தான் பார்த்ததையெல்லாம் செல்லச்சாமி இரவே தங்கையிடம் சொல்லியிருந்தான். குடித்துவிட்டு ஆத்திரத்தில் உளறுகிறான் என்று அவள் பாதிதான் நம்பியிருந்தாள். இப்போது புருஷன் வாயாலேயே வந்துவிட்டது. அவள் ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் தூக்குகிற நேரம் வந்தது. சின்னப் பிள்ளை என்பதால் பாடை கட்டவில்லை, செல்லச்சாமி வெள்ளைத் துணியில் சுற்றிக் கையிலேயே ஏந்திக்கொண்டான். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். லயத்துத் தலைவர், முதல் மண் தகப்பன்தானே போட வேண்டும், ஆனால் சனம் கொதித்துக்கொண்டிருக்கிறதே என்று தயங்கித் தயங்கி ராசம்மாவின் காதில் கேட்டார். அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"மண்ணு போடட்டும். அவரு புள்ளதானே. ஆனா மொகத்த மூடிக்கிட்டுப் போடச் சொல்லுண்ணே."

நாகமுத்து பக்கத்தில்தான் நின்றான். இரண்டாம் தரம் யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு சுற்றி, கண்ணும் வாயும் மறையும்படி முடிந்துகொண்டான். அப்படியே தேயிலைக்குள் இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் தடுமாறித் தடுமாறி நடந்தான். இரண்டு இடத்தில் விழுந்தான். யாரும் கை கொடுக்கவில்லை.

குழியடியில் ஒரு பிடி மண்ணை அவன் கையில் வைத்தார்கள். முகம் மூடியிருந்ததால் திசை தெரியாமல் எறிந்துவிட்டான். மண் குழிக்கு வெளியே, யாருடைய காலிலோ விழுந்தது. செல்லச்சாமி இன்னொரு பிடியை வைத்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குழிக்கு நேரே கொண்டுபோய் விட்டான். இந்தத் தடவை துணிமேல் விழுகிற சத்தம் கேட்டது. மிச்சத்தை மண்வெட்டிக்காரர்கள் தள்ளி மூடினார்கள். எல்லாரும் கைகால் கழுவ ஓடைப் பக்கம் போனார்கள். துண்டை எடுக்கலாம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.